வெள்ளைச்சாமி வீட்டுக் காதுகுத்து பேனர்

ஃப்ளெக்ஸ் கடைக்கு வாடிக்கையாளர் கொண்டு வருவது தலை மட்டும்தான். உடம்பு கடையின் பொறுப்பு.

நம்மில் பலருக்கு இது புரியும். கடை வைத்திருப்பவர்கள் புரிந்து பெருமூச்சு விடுவார்கள். கடை வைக்காதவர்களும் எங்காவது ஒரு ஃப்ளெக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "என் போட்டோவ இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று கேட்டிருப்பார்கள். மதுரையில் அந்தப் பாவத்தைச் செய்யாதவர் இல்லை. நான் பல வருஷம் ஒரு நாளிதழில் உள்ளூர்ச் செய்திப் பக்கம் பார்த்தவன். பக்கங்கள் குறைந்தபோது வெளியே வந்து செல்லூரில் கடை போட்டேன். வாசகம் என் வேலை. டிசைன் பர்வீன் வேலை. காஜிமார் தெருவில் இருந்து ஸ்கூட்டியில் வந்து, வந்த வேகத்தில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றுவாள்.

அகலமான அப்பா

தொழில் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்ப்யூட்டரில் ரெடிமேட் உடம்புகள் இருக்கின்றன. கோட்டு போட்டது, பட்டு வேட்டி கட்டியது, கும்பிட்டபடி நிற்பது, கையில் பூச்செண்டு வைத்திருப்பது. வருகிற போட்டோவில் இருந்து தலையை வெட்டி, பொருத்தமான உடம்பில் ஒட்டுவோம். கழுத்து நிறம் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

செல்லூர் தறிக்காரர் ஒருவர், இறந்துபோன அப்பாவின் நினைவு நாள் பேனருக்காக வந்தார். கையில் இருந்தது மங்கிப்போன சின்னப் படம். பர்வீன் அந்தத் தலையை ஒரு நீலக் கோட்டில் பொருத்தி, தோளைச் சரிசெய்து காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கப்போகிறது என்று நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தேன். அவர் சொன்னது இது: "எங்கப்பாவுக்குத் தோளு இம்புட்டு அகலமா இருந்திருந்தா, பங்காளிக நெலத்தப் புடுங்கிருப்பாய்ங்களா அண்ணே?"

பரவையில் இருந்து ஓர் ஆர்டர்

பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் வெள்ளைச்சாமி, முகூர்த்த வாரத்தின் உச்ச நெரிசலில் வந்தார். பேத்திக்குக் காதுகுத்து. மூத்த மகள் செல்வியைப் பேரையூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். செல்வியின் குழந்தை யாழினிக்கு, பரவை மண்டபத்தில் இவர் எடுத்துச் செய்கிற விழா. மார்க்கெட் வாசலில் பெரிய பேனர் நிற்க வேண்டும் என்றார்.

காதுகுத்து பேனரில் குழந்தைக்கு அடுத்த பெரிய படம் தாய்மாமனுடையது. அவர் மடியில்தானே குழந்தையை உட்கார வைக்கப் போகிறார்கள்! மாமன் படம் சிறுத்துப்போய் மண்டபத்திலேயே கைகலப்பு ஆன கதைகள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. அதனால் முதலில் அதைத்தான் கேட்டேன். வெள்ளைச்சாமி சட்டைப்பையில் இருந்து ஒரு பள்ளிக்கூடப் படத்தை எடுத்தார். ஒட்ட வெட்டிய முடி, ஒல்லி முகம். என் மகன், செல்வியின் கூடப்பிறந்தவன், கோயம்புத்தூரில் படிக்கிறான் என்றார். புதுப் படம் இல்லையா என்று பர்வீன் கேட்டாள். அவர் சுவரில் தொங்கிய மாதிரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுதான் இருக்கு. விசேசத்துக்கு அவன் வர மாட்டான், பரீட்ச. ஆனா பேனர்ல மாமன் இருக்கணும். பட்டு வேட்டி ஒடம்பா ஒன்னப் பாத்து ஒட்டுங்க தாயி."

வேறு கைக்குப் போன சாம்பிள்

சாம்பிளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாடிக்கையாளர் ஓகே சொன்ன பிறகே அடிப்போம். வெள்ளைச்சாமி கையில் இருந்தது பட்டன் போன். வீட்டில் இருக்கிற டச் போனின் நம்பரைச் சொன்னார். அனுப்பினோம். வீட்டு டச் போன் யார் கையில் இருக்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

உடனே பதில் வந்தது. "அண்ணே, இது யாரு உடம்பு? தொப்பை எங்கப்பாவ விடப் பெருசா இருக்கு." பர்வீன் சிரித்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள். "அந்தத் தலைக்குச் சொந்தக்காரி" என்று வந்தது. கூடவே ஒரு படம். அரக்குப் பாவாடை, மஞ்சள் தாவணி, ஒற்றைச் சடை, பள்ளிக்கூடப் படத்தில் இருந்த அதே ஒல்லி முகம். பெயர் தீபிகா. போன வருஷம் ப்ளஸ் டூ முடித்தவள். கோயம்புத்தூரில் இல்லை, பரவையில், அதே வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடப் படத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

பர்வீன் மௌஸில் இருந்து கையை எடுத்துவிட்டாள். "யா அல்லா, உசுரோட இருக்குற புள்ளைக்குப் போய் மாத்து உடம்ப ஒட்டிட்டமே அண்ணே" என்றாள். தப்பாக நினைக்காதே அம்மா என்று ஏதோ தட்டி அனுப்பினேன். அதற்கு அவள் அனுப்பிய பதில்: "நான் பாத்துட்டேன்னு அப்பாட்ட சொல்லிராதீங்க அண்ணே, பாவம், சங்கடப்படுவாரு."

அக்கா வந்தாள்

மறுநாள் கடை திறப்பதற்குள் செல்வி வாசலில் நின்றாள், இடுப்பில் யாழினியோடு. தங்கை படத்தை அனுப்பிவிட்டு அக்காவிடம் அழுதிருக்கிறாள். செல்வி அழுகிற ரகம் இல்லை. பெஞ்சில் உட்காராமலே பேசினாள். தான் பையன் இல்லை, பெண்தான் என்று தீபிகா வீட்டில் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடியும் இல்லை, விரட்டவும் இல்லை. ஆனால் வாசலோடு சரி. வீட்டுக்குள்ளே எப்படியும் இருந்துகொள், வாசலைத் தாண்டாதே என்பது அப்பா சொன்ன ஏற்பாடு. மார்க்கெட்டில் கேட்டவர்களுக்கு மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். இப்போது விழா அன்று தீபிகா வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டுமாம். யாரோ ஒரு பங்காளி வீட்டுப் பையன் மடியில் யாழினியை வைத்துக் குத்தப் போகிறார்களாம்.

தாய்மாமன் என்று எழுதுகிற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். என் வேலை அது. "சித்தி தீபிகான்னு எழுதுங்க. சீரு கொண்டு வாரது பொறந்த வீடு. பொறந்த வீட்ல எங்கூடப் பொறந்தது அவ ஒருத்தி" என்றாள். தாவணிப் படத்தையே வைக்கச் சொன்னாள். தலை முதல் கால் வரை முழுப் படம். வெட்ட வேண்டியது இல்லை, ஒட்ட வேண்டியது இல்லை. பர்வீன் குஷியாகிவிட்டாள். யாழினி கீபோர்டைத் தட்டி, திரை முழுக்க "க க க க" என்று அடித்து வைத்தாள். அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டேன். செல்வி குழந்தையைப் பிடுங்கி மறு இடுப்பில் வைத்தாள். "குத்துனா அவ மடியில குத்தணும். இல்லேன்னா எம்மக மூளிக் காதோடவே காலேஜுக்குப் போகட்டும்."

வீட்டுக்குள் மாட்ட ஒன்று

அன்று மதியம் பாண்டியம்மாள் வந்தார். வெள்ளைச்சாமியின் மனைவி. மகள் வந்துபோனது தாய்க்குத் தெரியாது, தாய் வந்தது மகளுக்குத் தெரியாது, இரண்டும் வெள்ளைச்சாமிக்குத் தெரியாது. ஒரே காதுகுத்துக்கு மூன்று ஆர்டர்! நாளிதழில் இருந்தபோதுகூட ஒரே செய்திக்கு இத்தனை பேர் இத்தனை ரகசியமாக வந்ததில்லை. பாண்டியம்மாள் பெரிய பேனரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் என் சின்ன மகளும் நிற்கிற மாதிரி சின்னதாக ஒன்று, காலண்டர் அளவுக்கு வேண்டும் என்றார். எங்கே மாட்டப்போகிறீர்கள், அளவு சரியாகத் தெரிய வேண்டுமே என்றேன். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அடுப்படிக்குள்ள. அவரு அங்க எட்டிப் பாக்க மாட்டாரு."

பேரையூர் சம்பந்தி

இந்த வீட்டில் எல்லோரும் பயந்தது ஒரே ஒருவருக்கு. செல்வியின் மாமனார் தவசி. பேரையூர்ப் பக்கம் பருத்திக்காடும் ஆட்டுக்கிடையும் வைத்திருப்பவர். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் செல்வியின் வாழ்க்கை என்ன ஆகும் என்பதுதான் வெள்ளைச்சாமி சொல்லி வந்த முதல் காரணம். அந்த மனிதர் ஒரு நாள் காலை, தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக எங்கள் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்! மருமகள்தான் இந்தக் கடையைச் சொன்னாள், பேனரில் என் போட்டோ எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

திரையில் இருந்தது செல்வியின் டிசைன். நடுவில் தீபிகா. நான் பாய்ந்து போய் திரைக்கு முன்னால் நின்றேன். பர்வீன் பதற்றத்தில் எதையோ அமுக்க, படம் இன்னும் பெரிதாகித் திரை முழுக்க நின்றது. "மறைக்காதீங்க தம்பி, வெளிய நிக்கும்போதே பாத்துட்டேன்" என்றார் தவசி. கிட்ட வந்து, கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தார். "இது நம்ம செல்வி கூடப் பொறந்த பிள்ளதான? கல்யாணத்துல எஞ் செருப்பு காணாமப் போச்சு. மண்டபத்துல இருந்த அம்புட்டுப் பேரும் சாப்பாட்டுக்கு ஓடுனாய்ங்க. தேடி எடுத்துட்டு வந்து கால்மாட்டுல வச்சது இந்தப் பிள்ள ஒன்னுதான்." அதற்கு மேல் தீபிகாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கீழ் மூலையில் வரிசையாக நின்ற முகங்களில் தன் முகத்தைத் தேடினார். கண்டுபிடித்தார். முகம் கறுத்துப் போனது. "தம்பி, எனக்கு ஒரே குறைதான். அந்தப் பிள்ள முழு உருவமா நிக்கிது, நான் கொட்டப்பாக்கு அளவுல கெடக்கேன். சம்பந்திக்கு ஒரு மருவாத வேணாமா?"

வெறுங்கழுத்து

அடிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. வெள்ளைச்சாமி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அதற்குள் செல்வி அவரிடம் நேராகவே பேசியிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. உங்கள் சம்பந்தி வந்தார் என்றேன். எழுந்தே விட்டார். "என்ன சொன்னாரு?" போட்டோ சின்னதாக இருக்கிறதாம் என்றேன். "பிள்ளயப் பாத்தாரா?" பார்த்தார் என்றேன். "பாத்தும் போட்டோதான் சின்னதுன்னாரா?" ஆமாம் என்றேன். மறுபடி உட்கார்ந்தார்.

பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்து சொன்னார். "சம்பந்திய விடுங்க அண்ணே. மார்க்கெட்ல நெதம் நிக்கிறவன் நான். என்னயப் பாத்துச் சிரிக்கட்டும், தொடச்சுட்டுப் போயிருவேன். அந்தப் பிள்ளயப் பாத்து ஒருத்தன் சிரிச்சா நான் என்னத்தச் செய்ய? உள்ள இருந்தா ஒரு கண்ணும் படாதுல்ல." பயத்தை அவர் ஒழுங்காகத்தான் யோசித்து வைத்திருந்தார். பர்வீன் தாவணிப் படத்தைத் திரையில் திறந்தாள்.

மகள் வெளிச்சத்தில் முழுசாக நிற்பதை அவர் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். கிட்டப் போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டப் போனார். மண்டிக்காரர்கள் சரக்கைப் பார்க்கிற பார்வை அது, ஒன்றும் தப்பாது. அவர் விரல் திரையில் ஓரிடத்தைத் தொட்டது. கழுத்து. கழுத்தில் ஒன்றும் இல்லை. "சபைக்கு நடுவுல வெறுங்கழுத்தோட நிக்கிறா. பாக்குறவன் என்னயக் கேக்க மாட்டானா?" என்றார். எங்கள் கடையில் உடம்பு போலவே நகையும் ரெடிமேடாக உண்டு. பர்வீன் உற்சாகமாக ஒரு காசுமாலையை இழுத்து வந்து கழுத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. வெள்ளைச்சாமிக்குக் கோபம் வந்ததே பார்க்க வேண்டும்! "எடுங்க தாயி அத! எம் மக கழுத்துக்குக் கம்ப்யூட்டர் நகையா? அவங்காத்தா காசுமால பீரோவுக்குள்ளதான் கெடக்கு. போட்டுவிட்டு வேற போட்டோ அனுப்புறேன், அதுவரைக்கும் மிசின ஓட்டிராதீங்க."

மார்க்கெட் வாசல்

சாயங்காலம் புதுப் படம் வந்தது. காசுமாலை, பட்டுச் சேலை, பின்னால் பாண்டியம்மாள் கை ஒன்று முந்தானையைச் சரிசெய்கிறது. அந்தக் கையை வெட்ட வேண்டாம் என்று நானும் பர்வீனும் வாக்குவாதமே இல்லாமல் முடிவு செய்தோம். மிஷின் ஓடியது. தவசி அண்ணன் படத்தைப் பெரிதாக்க மறக்கவில்லை. மறுநாள் பேனரோடு நானும் பரவைக்குப் போனேன். வழக்கமாகப் போக மாட்டேன். அன்று கடையில் இருக்க முடியவில்லை.

சட்டத்தைத் தூக்கிக் கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது வெள்ளைச்சாமி. மூட்டை இறக்கியவர்கள் இறக்கியபடி நின்றார்கள். பைக்கில் போன ரெண்டு மூன்று பேர் விசிலடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளைச்சாமியின் கை ஏணியில் இறுகியது, ஆனால் விடவில்லை. பக்கத்து மண்டி முருகேசன், இவரோடு ஒரே தட்டில் இட்லி தின்கிற சிநேகிதன், கும்பலை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னப்பா, கோயமுத்தூர்ல படிக்கிற மகன மேல காணோம்?" என்று சத்தமாகவே கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி ஏணியை விடாமல் சொன்னார்: "மகன்னு ஒருத்தன் இல்லப்பா. எனக்கு ரெண்டும் மகதான். இம்புட்டு நாளா உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

முருகேசன் அண்ணாந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. பிறகு ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்தார். "பொய் சொன்னதுக்கு அப்புறம் பேசிக்கிருவோம். பிள்ளைக்கு ஓம் மூஞ்சி வராமப் போச்சு பாரு, அந்த மட்டும் சாமி காப்பாத்துச்சு."

மடி

விழா அன்று கொட்டு மேளம் பரவையைத் தூக்கிக்கொண்டு போனது. சீர் வரிசை தெருவில் வந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுத்தட்டு. நடுவில் ஒரு தட்டு நிறையச் சின்ன வெங்காயம், அது வெள்ளைச்சாமியின் தனிக் கிறுக்கு. முதல் தட்டைத் தூக்கி வந்தது தீபிகா. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மண்டபப் படி ஏறி வந்தாள். சிலர் வராமல் இருந்தார்கள். வந்த சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் பந்தி எப்போது என்று பார்த்தார்கள். எந்த விழாவிலும் பெரும்பான்மை அந்தக் கட்சிதான்.

மனையில் யார் உட்காருவது என்று ஒரு பெரியவர் ஆரம்பிக்கப் பார்த்தார். செல்வி அதற்கு நேரம் கொடுக்கவில்லை. யாழினியைத் தூக்கித் தங்கை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றாள். ஆசாரி தங்க ஊசியை எடுத்தார். யாழினி காசுமாலையைப் பிடித்துக் கடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். அழுதது தீபிகாதான். முதலில் கண்ணில், அப்புறம் தோளில், அப்புறம் முழங்கால் வரைக்கும் குலுங்கி. பாண்டியம்மாளும் அழ, பர்வீனும் அழ, மேளக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார். ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்து பார்த்தார். கடைசியில் பொறுமை போய்விட்டது. "ஏ தாயி, மடி ஆடுது. காது குத்தப்போறது பிள்ளைக்கு, ஒனக்கில்ல. அதே கம்முனுதான இருக்கு!"

மங்கிய கலர்

விழா பேனர்களின் ஆயுள் நமக்குத் தெரியும். முடிந்த மறுநாளே கழற்றி ஆட்டுக் கொட்டகைக்கு மேலேயோ, விறகுக்கு மேலேயோ போட்டுவிடுவார்கள். பரவைக்காரர் ஒருவர் வேறு வேலையாகக் கடைக்கு வந்தபோது, மார்க்கெட் வாசலில் அந்தப் பேனர் இன்னும் நிற்கிறது என்று சொன்னார். கழற்ற மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு காலை வெள்ளைச்சாமியே போன் செய்தார். பின்னால் ஏலச் சத்தம். "அண்ணே, வெயில்ல கலரு மங்கிருச்சு. அதே மாதிரி இன்னொன்னு அடிச்சு வைங்க, சாயங்காலம் ஆள அனுப்புறேன்" என்றார். விழா எப்போதோ முடிந்துபோயிற்றே என்றேன். யாருக்கோ ஒரு விலையைச் சொல்லிவிட்டு, மறுபடி போனுக்கு வந்தார். "விசேசம் முடிஞ்சா என்ன அண்ணே? மக இருக்கால்ல."

இத்தனை வருஷத்தில் ஒரு டிசைனைப் பார்த்து, ஒரு திருத்தமும் சொல்லாமல், இரண்டாவது முறை அடிக்கச் சொன்ன வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான் என்பதால், நம் தொழிலில் எதுவும் நடக்கும் என்று தைரியமாகச் சொல்கிறேன்.